வடசென்னையின் ஆட்டம் எது? கூட்டத்தை வைத்துச் சொல்வதா, ஆடுகிறவர்களை வைத்தா?

காசிமேட்டுக்காரன்

வம்பான கேள்வியோடுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். திட்ட வேண்டும் என்று தோன்றினால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வடசென்னை என்றால் கால்பந்து என்று எழுதாத பத்திரிகை இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கோப்பை வந்தால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு வியாசர்பாடிக்கு வந்துவிடுவார்கள். சுவரில் மெஸ்ஸி, சந்தின் குறுக்கே பிரேசில் கொடி, 'குட்டி பிரேசில்' என்று தலைப்பு. நாமும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேட்டி கொடுக்கிறோம்.

உலகக் கோப்பை இல்லாத நாட்களில் என்ன நடக்கிறது? பேசின் பிரிட்ஜ் பாலம் ஏறி இறங்கினால் பெரியமேடு, நேரு ஸ்டேடியம். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. கடைசியாக நான் போன 'சென்னையின் எஃப்சி' கால்பந்து அணியின் ஆட்டத்தில் எங்கள் வரிசையில் நானும் என் மைத்துனனும் மட்டும்தான். அவனும் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னதால் வந்தவன். சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டத்துக்குக் குறைந்தபட்ச டிக்கெட்டே 1,700 ரூபாய் என்று விற்ற ஆண்டுகளில், அதற்காக ஆன்லைன் வரிசையில் காத்துக் கிடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். துறைமுகத்தில் வலை பிரிக்கிற இடத்தில் ஐஸ் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்து, கையில் வேலையும் கண்ணில் ஸ்கோருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புணேவுக்குப் போனபோது இங்கிருந்து சிறப்பு ரயிலில் ஏறிப் போனது ஒரு கூட்டம். கால்பந்துக்காக இங்கிருந்து யாராவது அரக்கோணம் வரைக்கும் போயிருப்பார்களா?

காசையும் நேரத்தையும் எதற்குக் கொடுக்கிறோமோ அதுதான் நம் ஆட்டம். நாம் கிரிக்கெட் ஊர். ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

முல்லைநகர் இடதுவிங்

அண்ணே, டிக்கெட் கிழிக்கிறவரிடம் போய்க் கணக்குக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் பக்கம் வாருங்கள்.

ஒரே மைதானத்தை நான்காகப் பிரித்து நான்கு வயதுப் பிரிவினர் ஆடிக்கொண்டிருப்பார்கள். பந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போனால் அங்கே இருக்கிறவன் தன் ஆட்டத்தை நிறுத்தாமலே காலால் திருப்பி அனுப்புவான். எங்கள் பையன் ஒருவனுடைய பூட்ஸின் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலால் சுற்றித் தைத்து வாங்கிவந்தான். இரண்டு வாரத்தில் மறுபடியும் பிளந்தது. அண்ணன்காரன் சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து மேலே மாட்டிவிட்டான். அதோடு ஒரு டோர்னமென்டை முடித்தான். இவனை எந்த டிக்கெட் கணக்கில் எழுதுவீர்கள்?

தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். 2017-18இல் ஐஎஸ்எல் என்ற இந்தியக் கால்பந்து லீக்கின் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் நடுக்களத்தில் ஆடியவர். ஐபிஎல்லை விழுந்து விழுந்து பார்க்கிற உங்கள் தெருவிலிருந்து சேப்பாக்கத்தில் இறங்கி ஆடியவர் யார் என்று சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஸ்டேடியத்துக்கு ஏன் வரவில்லை என்கிறீர்கள். மாலையில் பயிற்சி முடித்து, பந்தையும் கோனையும் எண்ணி வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வருவதற்கே எட்டு மணி ஆகிவிடும். ஆட்டம் ஏழரைக்கு.

பெரம்பூர் ஓய்வூதியர்

தம்பிகளே, இரண்டு பேரும் நேற்றைக்குப் பிறந்தவர்கள்போலப் பேசுகிறீர்கள்.

நேரு ஸ்டேடியம் கால்பந்துக்கு, சேப்பாக்கம் கிரிக்கெட்டுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டதே பிற்பாடுதான். 1956 தொடங்கிச் சுமார் பத்து ஆண்டுகள் சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கும் அதே இடத்தில். வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரைக்கும் நின்றது. காசிமேட்டுத் தம்பி மைத்துனனோடு தனியாக உட்கார்ந்திருந்த இடம் சாமானிய இடம் அல்ல. 1980இல் முகமது அலி வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடியதும் அங்கேதான். வடசென்னையே திரண்டு போனது. குத்துச்சண்டைக்கு இங்கே பரம்பரை பரம்பரையாக ரசிகர்கள் உண்டு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கால்பந்து இங்கே வேர்பிடித்ததற்குக் காரணம் ஆசை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் வேலை. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள் இருந்தன. 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் வந்தது. துறைமுகம், சுங்கத்துறை, வங்கிகள் எல்லாவற்றுக்கும் அணி இருந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஹாக்கி மட்டையைத் தூக்கின, மற்றவர்கள் பந்தை உதைத்தார்கள். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உத்தியோகம், குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம். என் வீட்டில் அடுப்பு எரிந்தது என் வலது காலால்தான். லீக் ஆட்டத்துக்கு வந்த கூட்டமும் யார்? ஷிப்ட் முடித்த சக ஊழியர்கள். இந்தப் பிரிவு அந்தப் பிரிவு என்று பந்தயம் கட்டிக்கொண்டு வருவார்கள். டிக்கெட்டாவது ஒன்றாவது.

ஆள் எடுப்பது குறைந்தது. அணிகள் மெலிந்தன. கூட்டமும் கலைந்தது. கிரிக்கெட் வந்து தட்டிப் பறித்துக்கொண்டு போனதாக நான் நம்பவில்லை.

காசிமேட்டுக்காரன்

ஐயா சொல்வது சரி. ஆனால் அது போன தலைமுறைக் கதை. ஜெயிக்கிற பக்கம்தான் கூட்டம் சாயும். இந்தியா கிரிக்கெட்டில் ஜெயித்தது, கால்பந்தில் தோற்றது. 2025இல் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்திடமே தோற்றோம். அதைப் பார்க்க டிக்கெட் வாங்கு என்றால் எப்படி?

கணக்குப்பிள்ளை

ஜெயித்தால் கூட்டம் வரும் என்பது பாதி உண்மை. ஹாக்கியில் எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினோமே, அந்தக் கூட்டம் எங்கே போனது? கால்பந்திலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1951லும் 1962லும் ஆசியப் போட்டித் தங்கம்.

எதில் எப்போது ஜெயித்தோம் என்பதைவிட, ஜெயித்தபோது யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் முக்கியம். 1982 டெல்லி ஆசியப் போட்டியோடு இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தது. அந்தப் புதுப் பெட்டியில் நாடு பார்த்த ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றோம். அடுத்த ஆண்டு அதே பெட்டியில் கபில்தேவ் லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கினார். ஹாக்கியின் பொற்காலத்தை வானொலியில் கேட்டவர்கள் கேட்டார்கள். அதன் வீழ்ச்சியை மட்டும் எல்லாரும் கலரில் பார்த்தார்கள்.

அப்போது கிரிக்கெட் வாரியமும் பணக்கார வாரியம் அல்ல. உலகக் கோப்பை வென்றவர்களுக்குப் பரிசு கொடுக்கக் கையில் காசில்லாமல், லதா மங்கேஷ்கரை வைத்துக் கச்சேரி நடத்தித்தான் பணம் திரட்டினார்கள். பணம் கொட்டத் தொடங்கியது அதற்குப் பிறகு. 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பு விவகாரத்தில் வாரியத்துக்கும் அரசுக்கும் தகராறு முற்றி, 1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது. ஒளிபரப்பு உரிமை சந்தைக்கு வந்தது.

இப்போதைய நிலவரம்: 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். 410 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. கால்பந்து சம்மேளனம் 2010இல் தன் வணிக உரிமையை 15 ஆண்டுகளுக்குக் கொடுத்தது 700 கோடிக்கு. வகுத்துப் பாருங்கள். ஆறே ஆறு ஐபிஎல் ஆட்டங்களின் விலைதான் இந்தியக் கால்பந்தின் பதினைந்து ஆண்டுகள்.

இதற்குப் பிறகு "மக்கள் தாங்களாகவே கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சடுகுடு சம்பந்தம்

கணக்குப்பிள்ளை சார், கபடியை விட்டுவிட்டீர்களே. 2014இல் புரோ கபடி முதல் சீசனைப் பார்த்தவர்கள் 43.5 கோடி என்று ஒளிபரப்பாளர்கள் அறிவித்தார்கள். ஐபிஎல்லுக்கு அடுத்த இடம். ஆக டிவிக்குள் போக முடியும்.

ஆனால் போவதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொருக்குப்பேட்டையில் ராத்திரி ஆட்டம் மண்ணில் நடக்கும். கோட்டைச் சுண்ணாம்பால் போடுவார்கள். பாடிப் போகிறவன் மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நேரம் விளையாட்டுக் காட்டுவான். டிவிக்காக மேட் வந்தது. பாடுவதற்கு முப்பது விநாடி என்றார்கள். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையென்றால் வெளியே. ஆட்டம் விறுவிறுப்பானது உண்மை. மூச்சுக்கு இருந்த மரியாதை போனது.

தமிழ் தலைவாஸ் 2017இல் வந்தது. இதுவரை ஒரு கோப்பைகூட இல்லை. சென்னையில் ஆடுவதும் எப்போதாவது சில நாட்கள். 2021-22இல் மொத்த சீசனையும் பெங்களூரில் பூட்டிய அரங்கில் முடித்தார்கள். சொந்த ஊரில் ஆடாத அணிக்கு ஊர்க்கூட்டம் எப்படிச் சேரும்?

புதுவண்ணை ஸ்ட்ரைக்கர்

பந்து, மட்டை, தொடை தட்டல் எல்லாம் ஆயிற்றா? இனி நான் பேசலாமா?

இந்தப் பகுதி உலக சாம்பியன்களை உண்டாக்கிய ஆட்டம் கேரம். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலக சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கிவந்தார். மாநில அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. அதற்கும் முன்னால் நம் சென்னை மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன். இத்தனை வாங்கியும் "வடசென்னையின் ஆட்டம் எது" என்ற பட்டியலில் ஆறாவது ஆளாக வந்து நானே கையைத் தூக்க வேண்டியிருக்கிறது.

கூட்டம் இல்லை என்பீர்கள். ஒரு கேரம் பலகையைச் சுற்றி எத்தனை பேர் நிற்க முடியும்? எங்கள் மன்றத்தில் இறுதி ஆட்டம் என்றால் பெஞ்சின்மேல் ஏறி நின்று, முன்னால் இருப்பவன் தோளைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டு, அடுத்து அதற்குத் துணைக் காயும் போட்டுவிட்டால் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். மின்விசிறியை நிறுத்திவிடுவோம். காற்றில் பவுடர் பறந்துவிடும், பலகையின் ஓட்டம் மாறிவிடும். நாற்பது பேர் வியர்வையில் நின்று பார்க்கிறார்கள். டிக்கெட் இல்லை, விளம்பரம் இல்லை. அதனால் யார் கணக்கிலும் இல்லை.

நெறியாளர்

கட்சிச் சண்டையாக மாறிய பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சி எந்த மைதானத்துக்கு என்ன செய்தது என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஆட்டத்தைப் பேசுங்கள்.

சிட்னியில் தண்டையார்பேட்டை

நான் பிறந்தது தண்டையார்பேட்டை, இப்போது பிழைப்பு சிட்னியில். இங்கேயும் இதே சண்டைதான், நூறு ஆண்டுகளாக.

மெல்போர்ன் பக்கம் ஆஸ்திரேலியக் கால்பந்து என்ற தனி ஆட்டம். நீள்வட்டமான கிரிக்கெட் மைதானத்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். சிட்னியும் பிரிஸ்பேனும் ரக்பி லீக் என்ற இன்னொரு ஆட்டம். இயன் டர்னர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1978இல் வரைபடத்தின் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு மதம், அந்தப் பக்கம் இன்னொரு மதம் என்றார். ரான் பராசி என்ற ஆட்டக்காரரின் பெயரில் அது பராசி கோடு. இன்றைக்கும் பெரும்பாலும் அழியவில்லை.

இரண்டு தரப்பும் தாங்கள்தான் முதலிடம் என்கின்றன. மெல்போர்ன்காரர்கள் வாசல் கணக்கைக் காட்டுவார்கள். அவர்கள் இறுதி ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் உட்காருகிறார்கள். ரக்பி லீக் ஆட்டத்துக்குச் சராசரியாக வருவது அவர்களுடைய கூட்டத்தில் ஏறக்குறைய பாதி. உடனே சிட்னிக்காரர்கள் டிவி கணக்கை எடுத்து வீசுவார்கள். தனக்குச் சாதகமான எண் எதுவோ அதைத்தான் எல்லாரும் எண்ணுகிறார்கள். எதிரி ஊரில் கால் ஊன்றப் பணத்தையும் கொட்டுகிறார்கள். 1982இல் மெல்போர்னின் ஒரு பழைய கிளப்பையே பெயர்த்துச் சிட்னியில் நட்டார்கள். ரக்பி லீக் 2028இல் பப்புவா நியூ கினியில் அணி தொடங்கப்போகிறது, அதற்கு ஆஸ்திரேலிய அரசே 60 கோடி டாலர் கொடுக்கிறது.

காசிமேட்டு நண்பருக்காக ஒன்று. இந்த நாட்டில் கிளப்புகளில் மிக அதிகம் பேர் ஆடுகிற குழு விளையாட்டு இந்த இரண்டுமே இல்லை. நாம் சொல்லும் கால்பந்து. சனிக்கிழமை காலையில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பிள்ளைகள் அதைத்தான் உதைக்கிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து வேறு ஆட்டத்தை டிவியில் பார்க்கிறார்கள். ஆடுவது ஒன்று, பார்ப்பது ஒன்று என்பது வியாசர்பாடிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல.

முல்லைநகர் இடதுவிங்

சிட்னி அண்ணனுக்கு நன்றி. காசிமேட்டு அண்ணன் 'கூட்டம் எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, கூட்டம் வந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

2024 அக்டோபர் கடைசியில், செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்புக்கு விடுவதாக மாநகராட்சி தீர்மானம் போட்டது. எங்கள் முல்லைநகர் மைதானமும் அதில் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். தினம் இரண்டு மணி நேரம், மாதம் இருபத்தைந்து நாள் என்றால் ஒரு பையனுக்கு ஆறாயிரம் ரூபாய். பூட்ஸுக்கு சைக்கிள் டியூப் மாட்டுகிறவன் ஆறாயிரத்துக்கு எங்கே போவான்?

செய்தி வந்ததும் ஊரே கொதித்தது. பழைய ஆட்டக்காரர்கள், பெற்றோர், கட்சிகள் என்று எல்லாப் பக்கமும் எதிர்ப்புக் கிளம்பி, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். சேப்பாக்கத்தில் டிக்கெட் விலையை ஏற்றினால் யாராவது தெருவில் இறங்குவார்களா? முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போவார்கள்.

காசிமேட்டுக்காரன்

நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தம்பி, நீ தப்பித்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, அதை விடமாட்டேன்.

மைதானத்தைக் காப்பாற்றினீர்கள், நல்லது. அந்தப் பையன் பதினெட்டு வயதுக்குப் பிறகு எங்கே போவான்? பெரம்பூர் ஐயா காலத்து ரயில்வே வேலை குறைந்துவிட்டது. அடுத்தது கிளப்தான். கிளப் எதில் நடக்கும்? பார்க்கிறவன் கொடுக்கும் காசில், அவனைக் காட்டி வாங்கும் விளம்பரத்தில். 2018-19இல் ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டி இன்று எங்கே? 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. கணக்குப்பிள்ளை சொன்ன பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிந்தது. அடுத்து யார் என்றே தெரியாமல் ஐஎஸ்எல் தொடங்காமல் கிடந்தது. எங்கள் வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் ஆடுகிறவன் இருந்தால் போதும், பார்க்கிறவன் தேவையில்லை என்று மட்டும் சொல்லாதே. முல்லைநகரில் ஆடி முடித்தவர்களும் ஆட வைக்கிறவர்களும் ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கினாலே ஒரு ஸ்டாண்டு நிறையும்.

பெரம்பூர் ஓய்வூதியர்

இது நியாயமான கேள்வி. இடதுவிங் தம்பி, பதில் சொல்.

முல்லைநகர் இடதுவிங்

பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போவதென்றால் வேன், சாப்பாடு, இரவு திரும்புவது என்று எல்லாம் என் தலையில். ஆனாலும் அடுத்து இங்கே ஆட்டம் நடந்தால் பதினான்கு வயதுப் பிரிவை அழைத்துப்போகிறேன். வேன் வாடகையில் பாதி காசிமேட்டு அண்ணன் கொடுக்கட்டும். கிரிக்கெட் டிக்கெட்டுக்கு 1,700 கொடுக்கிற ஊர்தானே.

காசிமேட்டுக்காரன்

கொடுக்கிறேன். மைத்துனனுக்கும் வேனில் ஓர் இடம் வை. பிரியாணி உன் செலவு.

எம்கேபி நகர் அம்மா

உங்கள் சண்டை நடுவே ஒரு சந்தேகம். என் மகளுக்குப் பதினொரு வயது. ஓட்டம் நன்றாக ஓடுகிறாள். கால்பந்தில் சேர்க்கச் சொல்கிறாள், அவள் அப்பா கிரிக்கெட்டில் சேர்த்தால்தான் எதிர்காலம் என்கிறார். பெண்களுக்கும் இப்போது கிரிக்கெட்டில் லீக் வந்துவிட்டதாம். எதில் சேர்க்கலாம்?

கணக்குப்பிள்ளை

மகளிர் பிரீமியர் லீக் 2023இல் வந்தது, உண்மைதான். ஆனால் மட்டை, கால்காப்பு, ஹெல்மெட், பயிற்சிக் கட்டணம் என்று முதல் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு அவள் அப்பாவிடம் பேசுங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் கிரிக்கெட் மட்டும்தான் என்று ஒன்றும் இல்லை.

முல்லைநகர் இடதுவிங்

அக்கா, அவள் எதைக் கேட்கிறாளோ அதில் சேருங்கள். கால்பந்து என்றால் முதல் மாதம் பூட்ஸ் வாங்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூ போதும். பிறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு எடுத்துவையுங்கள், வயதுப் பிரிவு டோர்னமென்டுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் இருக்கிறது, பெண் பயிற்சியாளரும் இருக்கிறார்.

புதுவண்ணை ஸ்ட்ரைக்கர்

ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நிற்குமே, அப்போது என்னிடம் அனுப்புங்கள். எங்கள் மன்றம் மாடியில் இருக்கிறது.